உப்பில்லாச் சோறும் உப்பு மருந்தும்

என் வீட்டுக்காரர் தே ஆற்றுவதைப் பார்த்தாலே அன்றைக்கு அவர் மனசு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தீவில், டத்தோ கிராமாட் பக்கம் சாலையோரத்தில் எங்களுக்கு ஓர் ஒட்டுக்கடை இருந்தது. நான் தோசை சுடுவேன், அவர் தே ஆற்றுவார்; டீக்கு எங்கள் ஊரில் தே என்றுதான் பேர். மனசு சரியாக இருக்கும் நாளில் தே ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கயிறு மாதிரி நேராக இறங்கும். மனசு ஏறிவிட்டால் கையும் ஏறிவிடும். தலைக்கு மேலே தூக்கி ஆற்றுவார். சாலையில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார். "வாங்கலா, உக்காருங்கலா, இன்னிக்கு எல்லாம் நம்ம பெலாஞ்சா" என்பார். காசு வாங்க மாட்டார். தூங்க மாட்டார். பாலம் கட்டி முடித்ததும் அக்கரையில் செபராங் ஜெயாவில் வரிசையாகக் கடை திறக்கப் போவதாகச் சொல்வார். அப்போது பாலத்துக்குக் கடலில் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம்.

அப்புறம் இறங்கிவிடும். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். குளிக்க மாட்டார். கேட்டதற்குப் பதில் வராது. நான் ஒருத்தியே தோசையும் சுட்டு, தேயும் கலக்கி, "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லிச் சமாளிப்பேன். அப்படி ஒரு தடவை இறங்கியிருந்தபோது ஒரு நாள் காலையில் ஆள் படுக்கையில் இல்லை. ஃபெர்ரித் துறைக்குப் போய்க் கம்பிக்கு அந்தப் பக்கம், தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அங்கே வேலை செய்யும் ஒரு மலாய்க்காரர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருந்தார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் போனேன். பின்பக்கமாகப் போகலாம் என்று ஒருத்தர் சொன்னார். நான் என்ன திருடியா விட்டேன், பின்பக்கமாகப் போக?

மனநோய்ப் பிரிவில் டாக்டர் ஒரு சீனப் பெண். எனக்கும் அவருக்கும் மலாய்தான் பேச்சு. சில வாரம் என் வீட்டுக்காரரை வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். லித்தியம் என்று பெயர் சொன்னார். எனக்கு அது வாயில் நிற்கவில்லை என்று கண்டுகொண்டு, "இனி மாச்சாம் காராம் ஜுகா" என்றார். இதுவும் உப்பு மாதிரிதான் என்று அர்த்தம். மலாயில் உப்புக்குக் காராம் என்று பெயர். மனசு ஏறாமலும் இறங்காமலும் இது பிடித்து வைக்கும், தினமும் போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும் என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "மக்கான் மாச்சாம் பியாசா" என்றார். எப்போதும் போலச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. எப்போதும் போல. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரர் வெளியே வந்து, "காராம்னு சொல்றாங்க, நாக்குல வச்சா காரமே இல்லயே" என்று சிரித்தார். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

மாத்திரை அவரைப் பிடித்து நிறுத்தியது. கையில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது, ஆனால் தே நேராகத்தான் இறங்கியது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பிரஷர் மருந்து என்று சொல்லிவைத்தேன். மூளைக்கு மருந்து சாப்பிடுகிறவர் கையால் யார் தே வாங்கிக் குடிப்பார்கள்? கடைக்கு வருகிறவர் ஒருத்தருக்கும் நிஜம் தெரியாது. அதில் நான் கெட்டிக்காரிதான்.

தெரிந்தவர் ஒருத்தர் உண்டு. என் வீட்டுக்காரருடைய அக்கா. அக்கரையில், பாகான் டாலாமில் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அம்மா இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அதே நாளில் அண்ணி கோயிலுக்குப் போய், தம்பி தேறிவிட்டால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான், உப்பில்லாமல் விரதம் இருப்பான் என்று நேர்ந்துகொண்டார். தம்பியும் தேறிவிட்டார். தேற்றியது யார் என்பதில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கு.

"முருகன் குடுத்த உசுரு புள்ள இது" என்பார் அண்ணி.

"முருகன்தான் அந்த டாக்டரையும் குடுத்தாரு அண்ணி" என்பேன் நான்.

மார்கழி முடியும்போது அண்ணி வந்து, விரதம் முடியும் வரைக்கும் தம்பி தன் வீட்டில் இருக்கட்டும், பெண்டாட்டி இருக்கும் வீட்டில் விரதம் சுத்தப்படாது என்றார். அவரும் சரி என்றார். நான் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் அண்ணி கையில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது சாக்கடைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். தினமும் கடையை மூடிவிட்டு, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவேன். சாயங்காலத்து மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்கச் சொல்வேன். காலைக்கு வேண்டியதை அவர் மடியிலேயே கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.

"நர்ஸம்மா வந்தாச்சு. எல்லாரும் ஒழுங்கா வரிசையில நில்லுங்க" என்பார் அவர்.

"நாக்கத் தூக்குங்க."

"பாத்தியாக்கா, புருஷன்னு ஒரு மரியாத இருக்கா?"

அண்ணி சிரிக்க மாட்டார். "வெரதத்துல இருக்கிறவன் வாயில மாத்திர. அதுவும் உப்புன்னு அவளே சொல்றா" என்று முணுமுணுப்பார்.

முதல் நாள் அங்கே அவர் தட்டைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. சோறு, பருப்பு, ஒரு கீரை. எதிலும் உப்பு இல்லை. ஒரே வேளை சாப்பாடு. "டாக்டர் எப்பவும் போல சாப்பிடச் சொன்னாங்களே அண்ணி" என்றேன்.

"என்னன்னு சொன்னாங்க?"

"மக்கான் மாச்சாம் பியாசான்னு."

"அப்புறம் என்ன? தை மாசம் உப்பில்லாம சாப்பிடறது எங்க வீட்டுக்குப் பியாசா தானே. எங்கப்பா இருந்தாரு, எங்க சித்தப்பா இருந்தாரு. நாங்க பியாசா மாதிரிதான் சாப்பிடுறோம் போ."

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அண்ணி சொன்னதிலும் நியாயம் இருப்பது மாதிரித்தான் பட்டது. எனக்கு இருந்த பயமெல்லாம் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான். மாத்திரை உள்ளே போகிற வரைக்கும் சோற்றில் உப்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று திரும்பி வந்தேன்.

சில நாளில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. உடம்பு சுத்தமாகிறது என்றார் அண்ணி. தாகம் தாகம் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். அதையும் வாந்தி எடுத்தார். ரத்தம் எடுக்க வேண்டிய நாள் அந்த வாரத்தில்தான் வந்தது. நான் கூட்டிப்போக வந்து நின்றேன். அவர் திண்ணமாக வரமாட்டேன் என்றார்.

"வெரதம் முடியட்டும். ஆஸ்பத்திரில பொணமும் கெடக்கும், எல்லாம் கெடக்கும். தீட்டு. முடிஞ்ச மறுநாளே வரேன்."

"உங்க மொகமே சரியில்ல."

"வெரதத்துல மொகம் மாப்பிள்ள மாதிரியா இருக்கும்? போ, போயி தோசையப் பாரு."

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் போனபோது, "எனக்கு ஒரு தே ஆத்திக் குடுங்க. உங்க கையால குடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றேன். அவருக்குச் சந்தோஷம். அண்ணியின் சமையலறையில் இரண்டு குவளையை எடுத்துக்கொண்டு நின்றார். தே இறங்கியது. கயிறு மாதிரி இல்லை. துண்டு துண்டாக அறுந்து, குவளைக்கு வெளியே, அவர் கால்மேல் கொட்டியது. சுட்டிருக்கும். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது லேசான நடுக்கம் இல்லை. கை, கட்டைவிரலிலிருந்து தோள்பட்டை வரைக்கும் ஆடியது.

"அண்ணி, இத பாருங்க."

அண்ணி பார்த்தார். கைகூப்பினார். "முருகன் இறங்கிட்டாரு. பூசத்துக்கு முன்னாலயே அருள் இறங்கிடுச்சு" என்று திருநீறு எடுத்துத் தம்பி நெற்றியில் பூசினார்.

அன்றைக்குத் திரும்பும்போது ஃபெர்ரியில் ஓரமாக உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஏறியபோது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். இறங்கியபோது எப்படி இருப்பார் என்றும் தெரியும். இது இரண்டிலும் சேராதது. ஆனால் அருளும் எனக்குத் தெரிந்ததுதானே. எங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு அருள் வந்து ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? மறுநாள் பூசம். இன்னும் ஒரு நாள்தானே, அது முடிந்ததும் இழுத்துக்கொண்டாவது போய்விடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பூசத்தன்று விடிந்ததும் இக்கரையில் காவடி கட்டும் இடத்துக்குப் போனேன். சாலை முழுக்கத் தேங்காய்ச் சிதறல், சாம்பிராணிப் புகை, மஞ்சள் வேட்டி. அண்ணி அக்கரையிலிருந்து கூட்டி வந்த அவரைக் குளிப்பாட்டி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கியிருந்தார்கள். கால் பின்னியது. உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. உறுமி மேளம் பக்கத்திலேயே. சுற்றி நின்ற இளவட்டங்கள் "வேல் வேல்" என்று கத்தினார்கள். அலகு குத்தும் பெரியவர் நாக்கில் குத்த வேண்டிய சின்ன வேலைத் திருநீற்றில் தொட்டு எடுத்துவிட்டார்.

"நல்லா வந்திருக்கு. வாயத் தொறங்க சாமி" என்றார் பெரியவர்.

அந்த நேரம் பார்த்து மேளக்காரர் தோல் தளர்ந்துவிட்டதென்று அடிப்பதை நிறுத்தினார். மேளம் நின்றது. என் வீட்டுக்காரர் கை நிற்கவில்லை. தாளமே இல்லாமல் தனியாக, வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் அருள் வந்து நின்ற இன்னொருத்தர் மேளம் நின்றதும் கண் மூடி அசையாமல் நின்றார். இவர் மட்டும் ஆடிக்கொண்டே என்னைத் தேடினார். என் முகத்தைக் கண்டுபிடித்தார். அருள் வந்தவர் பெண்டாட்டியைத் தேட மாட்டார்.

"என்னமோ... பண்ணுது..." என்றார். நாக்கு புரளவில்லை. சாராயம் குடித்தவர் மாதிரி குழறியது. கடைவாயில் எச்சில் ஒழுகியது.

நான் கூட்டத்தில் புகுந்து பெரியவர் கையைப் பிடித்துவிட்டேன். "குத்தாதீங்க ஐயா."

"பொம்பளைங்க தொடாதீங்க. தள்ளிப் போங்கம்மா."

"இது அருள் இல்ல. அவருக்கு ஒடம்பு சரியில்ல."

"எல்லாப் பொண்டாட்டியும் அப்படித்தான் பயப்படும்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணி என் தோளைப் பிடித்தார். "பாவத்தக் கட்டிக்காத புள்ள. சாமி நிக்கிற நேரத்துல வாயிலருந்து வார்த்தைய விடாத."

"அவருக்கு என்ன ஒடம்புக்கு?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். அவர் ஒருவர்தான் கேட்டார்.

சுற்றிப் பார்த்தேன். தினமும் எங்கள் கடையில் தே குடிக்கிறவர்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். மீன்காரர் நின்றார். எதிர்வீட்டு அம்மா நின்றார். பிரஷர் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. பிரஷர் என்றால் தண்ணீர் தெளித்துவிட்டுக் குத்திவிடுவார்கள்.

"மூளைக்கு மருந்து சாப்பிடுறாரு" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "மனநோய் டாக்டர் குடுத்த மருந்து. வார்டுல இருந்தாரு. ஃபெர்ரித் துறையில விழப்போனவரு. அந்த மருந்துதான் இவர இப்படி ஆட்டுது. அவர வுடுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர் வேலைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். "இது சாமி இல்லப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "வழி வுடுங்க. ஆம்புலன்ஸ் அந்த முக்குல நிக்குது, தூக்குங்க" என்றார். இவ்வளவு நேரம் வேல் வேல் என்று கத்தின அதே இளவட்டங்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் வேறு டாக்டர். மாத்திரையை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் காட்டினேன். பார்த்ததும், "மக்கான் காராம்?" என்று கேட்டார். உப்பு சாப்பிடுகிறாரா?

"தா மக்கான். புவாசா" என்றேன். சாப்பிடவில்லை, விரதம்.

அவர் நர்ஸைக் கூப்பிட்டு வேகமாக என்னென்னவோ சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றித் தண்ணீர் மாட்டினார்கள். அப்புறம்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். சோற்றில் வரும் உப்பு உடம்புக்கு வராமல் போனால், உடம்பு வெளியே தள்ள வேண்டிய இந்த மருந்து உப்பையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வயிற்றுப்போக்கு வேறு வந்து உடம்பில் தண்ணீரே இல்லை. தினம் நான் கொடுத்த மருந்தெல்லாம் உள்ளேயே தேங்கிவிட்டது. சிறுநீரகம் தாங்குமா, மூளை தெளியுமா என்று இப்போது சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்.

நானும் அண்ணியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி புடவையில் இன்னும் பன்னீர் வாசனை அடித்தது. "அவனுக்கு ஏத்துறது என்ன தண்ணி?" என்று கேட்டார்.

"உப்புத் தண்ணின்னு சொன்னாங்க."

அண்ணி அதிர்ந்து என்னைப் பார்த்தார். "வெரதம் முறிஞ்சு போச்சே."

"வாயில போகலயே அண்ணி. கையிலதானே போகுது."

அண்ணி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீங்கள் செய்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மாத்திரையை ஒரு வேளை விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். சோற்றில் உப்பைப் போடாதவர் அவர். இரண்டும் சேர்ந்துதான் என் வீட்டுக்காரரை உள்ளே படுக்க வைத்திருந்தது. இரண்டு பேரும் அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் செய்தோம்.

அவர் யார் முகமும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். அன்றைக்கும் மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் நான் உள்ளே போனதும் மெதுவாகத் திரும்பி, "நர்ஸம்மா" என்றார். குழறல்தான். ஆனால் அது எனக்கு வைத்த பெயர்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் தீரவில்லை. மருந்தை டாக்டர் நிறுத்தி வைத்திருந்தார். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். கடைக்கு ஆள் குறைந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மீன்காரர் மட்டும் எப்போதும் போல வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒரு தே" என்றார். நான் தினமும் தோசைக் கல்லைப் பார்க்கிற சாக்கில் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தே நேராக இறங்கியது. பிறகு கை கொஞ்சம் உயர்ந்தது. ஒரு நாள் காலையில் தோளுக்கு மேலே போனது. இந்த மனுஷனிடம் மறுபடியும் அந்த மாத்திரையைப் பற்றி எப்படிப் பேசுவேன்? பேசினால் அண்ணி விடுவாரா?

அவரே குவளையைக் கீழே வைத்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தா, கடைய மூடு. அந்தச் சீனத்தி டாக்டரப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

சேதி எப்படியோ அக்கரைக்குப் போய், நாங்கள் போய் உட்கார்ந்தபோது அண்ணியும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டாக்டர் மருந்தைக் குறைத்து, மறுபடியும் சின்ன அளவில் ஆரம்பிக்கலாம் என்றார். அதே போல, "மக்கான் மாச்சாம் பியாசா" என்றார்.

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தார். "டாக்டர், பியாசா இத்து மாச்சாம் மானா?" என்று கேட்டார். எப்போதும் போல என்றால் எந்த மாதிரி என்று.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அண்ணிக்கு நின்று விளக்கிச் சொன்னார். மற்ற நாளில் போடுகிற உப்பு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விரதம் வந்தால் முன்னாலேயே இங்கே வந்து சொல்ல வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வந்தால் அந்த நிமிஷமே மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும். அண்ணி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

அடுத்த பூசத்துக்கு அவர் காவடி எடுக்கவில்லை. சாலையோரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நாள் முழுக்கத் தே ஆற்றிக் கொடுத்தார். அதுதான் தன் நேர்த்திக்கடன் என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். கை லேசாக நடுங்கியது. தே நேராகத்தான் இறங்கியது. அன்று காலையில் அண்ணியே சோறு பிசைந்து கொடுத்தார், வாயில் போட்டுப் பார்த்து உப்பு இருக்கிறதா என்று நிச்சயம் பண்ணிக்கொண்ட பிறகு.

பந்தலில் மோர் கலக்கும் வேலையும் அண்ணி உடையதுதான். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. வெயிலில் நடந்து வந்தவர்கள் வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள்.

"அண்ணி, உப்பு ஜாஸ்தி" என்றேன்.

"தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கைப்பிடி எடுத்துப் போட்டார்.